வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்: கிரான்சைம் என்னும் கொல்லும் நொதி

கேள்வி: என் தங்கையின் 5 மாதக் குழந்தைக்கு விடாத காய்ச்சல், மண்ணீரலும் வீங்கியிருக்கிறது. வேலூரில் பரிசோதித்துவிட்டு, இது எச்.எல்.எச். என்ற, நோய் எதிர்ப்பு கட்டுமீறிப் போகும் நோய், பெர்ஃபோரின் இல்லாததால் கிரான்சைம்கள் வேலை செய்யவில்லை என்றார்கள். தங்கை தாய்மாமனை மணந்தவள். இதை விளக்குவீர்களா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: அம்மா, வைரஸ் புகுந்த செல்களையும் புற்றுநோய்ச் செல்களையும் தேடிச்சென்று கொல்வதற்கென்றே நம் வெள்ளை அணுக்களில் இரு வகை இருக்கின்றன. கொல்லி டி செல்கள் ஒன்று. இயற்கைக் கொல்லி செல்கள் மற்றொன்று. இவற்றுக்குள் இருக்கும் நுண்ணிய பைகளில், புரதங்களை வெட்டும் கிரான்சைம் என்ற நொதிகளும் பெர்ஃபோரின் என்ற புரதமும் சேமிக்கப்பட்டிருக்கும். மனிதரிடம் ஏ, பி, எச், கே, எம் என 5 கிரான்சைம்கள் உண்டு.

கொல்லி செல் தன் இலக்கோடு ஒட்டிக்கொண்டதும், இரண்டுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய இடைவெளியில் அந்தப் பைகள் திறக்கின்றன. பெர்ஃபோரின் இலக்குச் செல்லின் சவ்வில் துளையிட, கிரான்சைம்கள் உள்ளே நுழைகின்றன. கிரான்சைம் பி, அந்தச் செல்லுக்குள்ளேயே செயலற்றுக் கிடக்கும், செல்லைச் சாகச் செய்யும் காஸ்பேஸ் நொதிகளை வெட்டி முடுக்கிவிடுவதால், செல் சுருங்கித் துண்டுகளாகி மடிகிறது. கிரான்சைம் ஏ-யின் வழி வேறு. அது காஸ்டெர்மின் பி என்ற புரதத்தை வெட்டி, செல்லை வெடித்துச் சாகச் செய்யும் என்று 2020-இல் கண்டறியப்பட்டது.

பெர்ஃபோரின் இல்லையென்றால் துளை இல்லை. கிரான்சைம்கள் இருந்தும் பயனில்லை. தொல்லை அதோடு நிற்பதில்லை. இலக்கைக் கொன்றுவிட்டால் விலகிச் செல்ல வேண்டிய கொல்லி செல், கொல்ல முடியாமல் வெகுநேரம் அதனோடு ஒட்டியே நின்று, இன்டர்ஃபெரான் காமா முதலிய அழற்சிப் பொருள்களை இடைவிடாமல் சுரக்கிறது. அதனால் மிகையாகத் தூண்டப்படும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் உடலின் சொந்த இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்குகின்றன. காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரத்த அணுக்கள் குறைதல், இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவு மிக உயர்தல் எல்லாம் இதன் விளைவுகளே. நோய் எதிர்ப்பு குறைந்ததால் வந்த நோய், எதிர்ப்பு மிகுந்த நோய் போலத் தோற்றம் தருவதால்தான் குடும்பத்தார் குழம்பிப் போகிறார்கள்.

பெர்ஃபோரின் மரபணுவின் பழுதுபட்ட நகல், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்நோய் வரும். நெருங்கிய உறவில் மணக்கும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. அதற்காக உங்கள் தங்கையை யாரும் குறை சொல்லக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். மரபணுப் பழுதைச் சுமப்பவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 4-இல் 1 பங்கு வாய்ப்பு இருப்பதால், அடுத்த கருவுக்கு முன் மரபணு ஆலோசனை பெறட்டும். ஸ்டீராய்டும், எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்தும் அழற்சியை அடக்கும். நிலையான தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்றுதான். வேலூர் சி.எம்.சி.யில் அச்சிகிச்சை 1986 முதல் நடைபெறுகிறது. மஜ்ஜை தர முன்வரும் உடன்பிறந்த குழந்தைக்கும் இதே பழுது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது மிக அவசியம்.

கேள்வி: இவ்வளவு கொடிய நொதியைச் சுமக்கும் செல், தானே ஏன் சாவதில்லை? அந்நொதி வெளியே கசிந்தால் என்ன ஆகும்? (கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: பைகளுக்குள் இருக்கும் அமிலத்தன்மையில் கிரான்சைம்கள் செர்கிளைசின் என்ற பொருளோடு பிணைந்து அடங்கியிருக்கின்றன. தப்பித் தவறிச் செல்லுக்குள் சிந்தும் கிரான்சைம் பி-யை முடக்க, செர்பின் பி9 என்ற தடைப்புரதம் அங்கேயே தயாராக இருக்கிறது. கொல்லி செல்லின் வெளிச்சவ்வும் பெர்ஃபோரின் எளிதில் துளைக்க முடியாத இறுக்கமான கொழுப்பமைப்பு கொண்டது. சில புற்றுநோய்ச் செல்கள் இதே செர்பின் பி9-ஐத் தாமும் உற்பத்தி செய்துகொண்டு தப்பிவிடுகின்றன.

கசிந்தால் தீங்குதான். செல்களுக்கு வெளியே தேங்கும் கிரான்சைம் பி, திசுக்களைத் தாங்கும் புரதங்களை அரித்து, தோலில் கொப்புளம் வரும் சில நோய்களைத் தீவிரமாக்குகிறது. கிரான்சைம் கே, கிருமிகளை எதிர்க்கும் காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதத் தொடரை முடுக்கிவிடும் என்று 2025-இல் வெளிவந்த ஆய்வு, முடக்குவாத மூட்டுகளில் அழற்சி நீடிப்பதற்கான ஒரு காரணத்தைக் காட்டியது. மருந்து ஆய்வாளர்கள் இதில் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: தொழுநோயில் ஒருவருக்கு ஓரிரு திட்டுகளும், இன்னொருவருக்கு உடல் முழுவதும் கட்டிகளும் வருவது ஏன்? கிருமி ஒன்றுதானே? (வாசகர், ஆற்காடு)

பதில்: கிருமி ஒன்றுதான், எதிர்ப்புதான் வேறு. தொழுநோய்க் கிருமி செல்களுக்குள் ஒளிந்து வாழ்கிறது. கிரான்சைம் பி, பெர்ஃபோரின், கிரானுலைசின் ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்ட கொல்லி டி செல்களால் அக்கிருமியைக் கொல்ல முடியும். கிரானுலைசின் பாக்டீரியாவின் சவ்வையே துளைத்து, கிரான்சைம்களை அதற்குள்ளும் அனுப்பிவிடும். திட்டுகளோடு நிற்கும் நோயாளிகளின் தோலில் இத்தகைய செல்கள் மிகுதி. உடலெங்கும் பரவியவர்களிடம் குறைவு. ஆனால் எதிர்ப்பு குறைந்தவர்களையும் கூட்டு மருந்துச் சிகிச்சை குணப்படுத்துகிறது: கிருமி குறைந்த வகைக்கு 6 மாதம், மிகுந்த வகைக்கு 12 மாதம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.