பெயின்ட் அடிக்கிற அலமாரிக்கு என்ன பலகை வாங்குவது?

தம்பி, ஸ்கார்பரோ வீட்டு ஹாலுக்குக் கதவு வைத்த புத்தக அலமாரி ஒன்றை நீங்களே செய்து வெள்ளை பெயின்ட் அடிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் எல்லாரும் எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பக்கமே போகாதே, தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்தான் உழைக்கும் என்பார்களே, கனடாவிலும் அப்படித்தானா என்று கேட்டிருந்தீர்கள்.

ஊரில் ஆசாரி ப்ளைவுட்டில் பெட்டி அடித்து மேலே மைக்கா ஒட்டிவிடுவார். பலகையின் முகம் எப்படி இருந்தாலும் வெளியே தெரியாது. பெயின்ட் அப்படி மறைக்காது. அதனால் பலகை முழுவதையும் ஒரே ரகத்தில் வாங்காதீர்கள். பெட்டிக்கும் தட்டுக்கும் முக்கால் இஞ்ச் பர்ச் அல்லது மேப்பிள் ப்ளைவுட், கதவுக்கு எம்.டி.எஃப். நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். விலை குறைவென்று கூரைக்கு அடிக்கிற ஸ்ப்ரூஸ் ப்ளைவுட்டை எடுத்துவிடாதீர்கள். எத்தனை கோட் அடித்தாலும் அதன் ரேகை மேலே தெரியும்.

கதவுக்கு ஏன் எம்.டி.எஃப். என்றால், இங்கே குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கும், கோடையில் ஈரம் ஏறும். மரச்சட்டம் சுருங்கி விரிந்து, இணைப்பு இருக்கும் இடத்திலெல்லாம் பெயின்ட்டில் மயிரிழை விரிசல் விழும். எம்.டி.எஃப்.பில் ரேகையும் இல்லை, அந்த அசைவும் குறைவு. ஆனால் தட்டுக்கு அது வேண்டாம். இரண்டரை அடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் நடுவில் தொய்ந்துவிடும். சிங்க் அடியிலும் ஈரமான பேஸ்மென்ட்டிலும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் குடித்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

எம்.டி.எஃப்.பின் விளிம்பில்தான் பொறுமை வேண்டும். பலகையின் முகம் கெட்டி, அறுத்த விளிம்போ பெயின்ட்டைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். தண்ணீரில் கலக்கிற பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்தால் நார் சிலிர்த்து எழும். முதலில் 150 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, கூர்முனையைக் கொஞ்சம் மழுக்குங்கள். கூர்முனையில் பெயின்ட் தங்காது. பிறகு ஷெல்லாக் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) பிரைமர் ஒரு கோட், காய்ந்ததும் 220-ல் தேய்ப்பு, மறுபடி ஒரு கோட். விரல் நகத்தை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு கொஞ்சமும் தட்டாமல் வழுவழுப்பாகும் வரை கலர் பெயின்ட்டைத் திறக்காதீர்கள்.

விளிம்பில் நேராகத் திருகு ஏற்றினால் பிளக்கும். முன்கூட்டியே துளை போடுங்கள். அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் மாவை விட நைசாகப் பறக்கும். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றீர்கள். பலகையின் பசையிலிருந்து கசிகிற ஃபார்மால்டிஹைடு வாயு அளவுக்கு 2023 ஜனவரியிலிருந்து கனடாவில் சட்டப்படி வரம்பு உண்டு. பலகை அந்த வரம்புக்குள் இருப்பதைச் சொல்லும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்குக்கு எட்டு அடி, முக்கால் இஞ்ச் எம்.டி.எஃப். ஒன்று கிட்டத்தட்ட 45 கிலோ, தனியாகத் தூக்க வேண்டாம். பெரிய கடைகளில் அங்கேயே அறுத்துத் தருவார்கள். அளவுச் சீட்டோடு போய், ஒவ்வொரு துண்டையும் கால் இஞ்ச் கூடுதலாகவே அறுக்கச் சொல்லுங்கள். கடைசி அளவை வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.