ஏன் நேத்து வரல? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் சேலத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முதலாமாண்டு படிக்கிறேன். ஊர் இளம்பிள்ளை. வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வருவேன். மதியம் வகுப்பு முடிந்ததும் நேராக பஸ் ஏறி மூன்று மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். போனதும் தார் சுற்ற (தறி நாடாவுக்கு நூல் சுற்ற) உட்கார்ந்துவிடுவேன். புதுமைப் பெண் திட்டத்தில் வரும் ஆயிரம் ரூபாயை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன மாதம் காய்ச்சலில் ஆறு நாள் போகவில்லை. திரும்பிப் போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் வராதது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

பெரியம்மா மகள் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள். முதல் வாரமே மைதானத்தில் மேஜை போட்டு, எங்கள் கிளப்பில் சேருங்கள் என்று கூப்பிட்டார்களாம். அவள் மூன்றில் சேர்ந்துவிட்டாள். இங்கே நோட்டீஸ் போர்டில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஒய்.ஆர்.சி. என்று என்னென்னவோ ஒட்டியிருக்கிறது. எது எனக்கானது, யாரிடம் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருடமும் இப்படி பஸ்ஸிலேயே முடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குக் கல்லூரி வாழ்க்கை என்று ஒன்று உண்டா அக்கா? பெயரைப் போட வேண்டாம்.

— ஒரு மாணவி, இளம்பிள்ளை

அன்புள்ள தங்கைக்கு,

உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆறு நாளைப் பற்றி நீ எழுதியிருப்பதைப் படித்ததும் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. நானும் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் வந்து படித்தவள்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முதல் வருடம் முழுக்க என் பெயரை வருகை எடுக்கும்போது மட்டுமே கேட்டிருக்கிறேன். மதியச் சாப்பாட்டை வேப்பமரத்தடியில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவும் சாக்கில் குழாயடியில் ரொம்ப நேரம் நிற்பேன். யாராவது ஏதாவது பேசுவார்களா என்றுதான்.

அதை மாற்றியது ஒரு சாவி. இரண்டாம் வருடம் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) முகாமுக்கு சேர்வராயன் மலையில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, அங்கிருந்து வேறு வண்டி பிடித்து, மீதியை நடந்து போனோம். மார்கழிக் குளிர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கல். சமையல் சாமான் வைத்திருந்த அறையின் சாவியை எங்கள் திட்ட அலுவலர் அம்மா யாரிடம் கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஓரமாக நின்ற என்னிடம் நீட்டினார். சணல் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அடுத்த நாள் விடிவதற்கு முன்பே ஒருத்தி என் பெயரைச் சொல்லித் தட்டி எழுப்பினாள், டீத்தூள் வேண்டுமாம். அப்புறம் உப்புக்கு ஒருத்தி, மண்வெட்டிக்கு ஒருத்தி. முகாம் முடியும்வரை என் பெயர் அந்தப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் அது நிற்கவில்லை. பொங்கல் முடிந்து ஒரு நாள் தாமதமாகப் போனதற்கு நான்கு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

அதனால்தான் எதில் சேரலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன். நீ போகாவிட்டால் எங்கே ஒரு வேலை தடைபடுமோ, அங்கே சேர். கூட்டத்தோடு உட்கார்ந்து கை தட்டும் இடங்களில் மூன்று வருடம் இருந்தாலும் உன்னைத் தேட மாட்டார்கள். பொறுப்பு சின்னதாக இருக்கட்டும். நோட்டீஸ் எழுதுவது, நாற்காலி எண்ணி வாங்குவது, மைக் செட்காரருக்கு போன் போடுவது, ஏதாவது ஒன்று உன் பெயரில் இருக்க வேண்டும்.

அமெரிக்க விஷயம். கம்யூனிட்டி காலேஜ் என்பது அங்கே பெரும்பாலும் அரசு நடத்தும் இரண்டு வருடக் கல்லூரி. உன் பெரியம்மா மகள் படிப்பது போன்ற கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு விடுதியே கிடையாது. கடையில், ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு படிப்பவர்கள் அங்கே நிறைய. அதாவது அவர்களும் உன்னைப் போல வந்து போகிறவர்கள்தான். வகுப்பு முடிந்தால் கிளம்பிவிடுவார்கள் என்று தெரிந்தே, பல கல்லூரிகள் நடுப்பகலில் வகுப்பே வைக்காமல் ஒரு மணி நேரத்தைச் சங்கங்களுக்கென்று ஒதுக்குகின்றன. கல்லூரியே முன்வந்து கூப்பிடுகிறது. நம் கல்லூரிகளும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சொல்வதில் நியாயமே இல்லை. இதைப் படிக்கும் பேராசிரியர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து பஸ் நேரத்தைப் பார்த்துக் கூட்டம் வையுங்கள்.

சரி, அதுவரை நீ காத்திருக்க முடியாது. உன் போர்டில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

என்.எஸ்.எஸ். 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம் என்று இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, நடுவில் ஏழு நாள் முகாம். 120 என்றதும் மலைக்காதே. வாரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை மணி நேரம்கூட வராது. ஒரு அலகுக்கு 100 பேர், ஒரு திட்ட அலுவலர். மதிப்பெண் பட்டியலில் பகுதி ஐந்து என்று வரும் விரிவாக்கப் பணிக்காகப் பெயர் கொடுத்துவிட்டு, போட்டோ எடுக்கும் நாளில் மட்டும் வருபவர்களும் அந்த நூறில் இருப்பார்கள். நீ போய், "மேடம், நான் மதியமே ஊருக்குப் போகணும். காலையில எட்டேகால்ல இருந்து ஒன்பது வரை இருப்பேன். ஏதாவது வேலை குடுங்க" என்று நேரத்தைச் சொல்லிக் கேள். இப்படித் தெளிவாகக் கேட்கிற பிள்ளையை எந்த அலுவலரும் விடமாட்டார்.

என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை, நல்லது. காவல்துறை, ராணுவம் என்று மனதில் இருந்தால் விடாதே, 'பி', 'சி' சான்றிதழ்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் அணிவகுப்புப் பயிற்சிக்கு நேரம் தவறாமல் போயாக வேண்டும். உன் தறிக் கணக்கில் அது சிரமம்தான்.

ஒய்.ஆர்.சி. என்பது இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம். ரத்ததான முகாம்கள் நடத்துவார்கள். கொடுக்க 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கடைசி எண்ணில்தான் திரும்பி அனுப்பப்படுவார்கள். உன்னையும் அனுப்பினால் வருத்தப்படாதே. உன் ரத்தம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டாய் என்று வைத்துக்கொள். கீரை, கம்பு, கேழ்வரகை விடாதே, டாக்டரிடமும் ஒருமுறை காட்டு. அன்று பெயர் பதியும் மேஜையில் உட்கார ஆள் வேண்டும். அங்கே உட்கார்.

பேச்சு வருமென்றால், காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா போன்றோர் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறது. முதல் பரிசு 5,000 ரூபாய். தமிழ்த் துறையில் கேட்டு வை.

இதையெல்லாம் விட உன்னிடம் நான் பேச விரும்புவது வரலாற்று மன்றம் பற்றி. ஒவ்வொரு துறைக்கும் ஒரு மன்றம் உண்டு. வருடத்தில் இரண்டு மூன்று கூட்டம் நடக்கும், வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசிவிட்டுப் போவார். அதில் மாணவர்கள் பேசவும் இடம் உண்டு, கேட்பவர்தான் இல்லை. நீ தார் சுற்றுவதைக் கல்லூரிக்குத் தடை என்பது போல எழுதியிருக்கிறாய். நீ படிப்பது வரலாறு. சேலத்தின் வரலாற்றில் பாதி தறியில் இருக்கிறது. உன் ஊரில் எப்போது கைத்தறி போய் விசைத்தறி வந்தது? முதலில் யார் வீட்டில் வந்தது? அன்று அந்தத் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள்? பாவு ஓட்டும் வேலை (நெடுக்கு நூலை நீட்டித் தயார் செய்வது) அப்போது எங்கே நடந்தது, இப்போது எங்கே? இதற்குப் பதில் உன் பாட்டியிடம் இருக்கும், இல்லை பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இருக்கும். தார் சுற்றும்போது கை தானாக ஓடும், வாய் சும்மாதானே இருக்கும்? தினம் ஒரு கேள்வி கேள். ராத்திரி பத்து வரி எழுதி வை. யார் சொன்னார்கள், அவர்கள் வயது என்ன, எந்த வருடத்தைப் பற்றிச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுது. தறியில் ஒவ்வொரு பாகத்துக்கும் உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்கிறீர்களோ அதே பெயரில் எழுது, புத்தகத் தமிழுக்கு மாற்றாதே. இரண்டு மாதத்தில் இருபது நிமிடம் பேசும் அளவுக்குச் சேர்ந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரைப் பார். அன்று மன்றத்தில் உனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் தறி வீட்டிலிருந்தும் கொலுசுப் பட்டறையிலிருந்தும் வந்து, அதைச் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியவரும். அவர்கள் கூட்டம் முடிந்ததும் உன்னைத் தேடி வருவார்கள்.

விடுமுறையில் ஊரிலிருந்தபடியே செய்யவும் ஒன்று இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடமாவது இருந்து, பார்த்த பறவைகளை எண்ணி, இபேர்ட் செயலியில் பதிய வேண்டும். விலங்கியல் படிக்கும் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கஞ்சமலை அடிவாரத்தில் சித்தர் கோயில் பக்கம் நின்றால் போதும்.

வீட்டைப் பற்றி. முகாமுக்கு ஏழு நாள் அனுப்ப மாட்டேன் என்று உன் அம்மா சொல்லலாம். என் அம்மாவும் சொன்னார். ஒரு நாள் கல்லூரிக்குக் கூட்டி வந்து அந்த அலுவலர் முன்னால் உட்கார வைத்தேன். எங்கே தூங்குவார்கள், கூட எந்த டீச்சர் இருப்பார், கழிப்பறை எங்கே என்று மூன்றே கேள்விதான் கேட்டார். பதில் கிடைத்ததும் ஒரு கம்பளியை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். ஏழு நாள் தாரை யார் சுற்றுவது என்பதற்கும் முன்கூட்டியே ஒரு வழி சொல்லிவிட்டுக் கேள். அம்மாக்களுக்கு அதுதான் நிஜமான கவலை.

கடைசியாக, நாளைக்கே செய்யக்கூடியது. உன் வகுப்பில் இந்த வாரமும் யாராவது ஒருத்தி இரண்டு நாள் வராமல் இருந்திருப்பாள். அவள் வந்ததும் நீ போய், "ஏன் நேத்து வரல?" என்று கேள். விட்டுப்போன பாடத்துக்கு உன் நோட்டைக் கொடு. எந்த ஊர், எத்தனை மணி பஸ் என்றும் கேட்டு வை.

அன்புடன்,
அக்கா