எம்ஓயூ போட்டதுக்கே ஷேர் ஏறுது, அப்பாவோட இபிஎஃப் காச போடலாமா?

கேள்வி: அண்ணே, நான் பாடாங் செராய், கூலிம் ஹைடெக்ல டெக்னிஷியன். அப்பா தோட்டத்துல ரப்பர் மரம் சீவி ரிட்டயர் ஆனவரு, இபிஎஃப்ல, அதான் ஊழியர் சேமநிதில, 18,000 வெள்ளி (ரிங்கிட்) வச்சிருக்காரு. ஏஸ் மார்க்கெட்ல, அதான் பங்குச் சந்தைல வளர்ற கம்பெனிங்களுக்கான பிரிவுல, ஒரு சின்ன கம்பெனி, எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டு ஏதோ ஏஐ இன்னோவேஷன் ஈகோசிஸ்டம்ல (பல கம்பெனிங்க சேர்ந்த கூட்டணி) சேர்ந்துட்டோம்னு சொன்னதும் 32 காசுலேர்ந்து நாலே நாள்ல 45 காசு. ஃபேக்டரில எல்லாரும் வாங்குறாங்க. அப்பா காச எடுத்து போடலாமா? அறிவிப்பையும் போன வருஷ கணக்கையும் அனுப்பிருக்கேன்.

பதில்: தம்பி, அந்த அறிவிப்ப நீங்க கடைசி வரைக்கும் படிக்கலன்னு நெனைக்கிறேன். முதல் பக்கம் பூரா ஏஐ, டிஜிட்டல்னு அலங்காரம், கடைசில ஒரு வரி, இந்த எம்ஓயூவால இந்த வருஷ லாபத்துல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் எதிர்பார்க்கலன்னு கம்பெனியே எழுதி கையெழுத்து போட்டிருக்கு. புர்சாவுக்கு, அதான் மலேசிய பங்குச் சந்தைக்கு, போற எம்ஓயூ அறிவிப்புல இந்த மாதிரி வரி சாதாரணமா இருக்கும், யாரும் அதுவரைக்கும் போறதில்ல.

கணக்குக்கு வருவோம். நீங்க அனுப்புனதுல ஒரு ஷேருக்கு வருஷ லாபம் 1 காசு. 32க்கு வாங்குனவன் 32 வருஷ லாபத்த முன்கூட்டியே குடுத்தான், நீங்க 45 வருஷத்துக்கு குடுக்கப் போறீங்க, ஆனா லாபம் அதே 1 காசுதான், நவுரவே இல்ல. ஏறுனது நம்பிக்கை மட்டும். அதுவும் அந்த நாலு நாள்ல மார்க்கெட்டே மொத்தமா ஏறுச்சான்னு பாத்து அத கழிச்சாதான் அறிவிப்பால எவ்வளவு ஏறுச்சுன்னு தெரியும்.

பேருக்கே ஷேர் ஏறும்பா. 2017 டிசம்பர்ல அமெரிக்காவுல ஐஸ் தேத்தண்ணி விக்கிற லாங் ஐலண்ட் கம்பெனி பேர லாங் பிளாக்செயின்னு மாத்துச்சு, ஒரே நாள்ல ஷேர் மூணு மடங்கு கிட்ட போச்சு, அடுத்த வருஷமே நாஸ்டாக் பங்குச் சந்தைல இருந்து தூக்கிட்டாங்க.

ஈகோசிஸ்டம்ல சேர்ந்தா ஷேர் எறங்கவும் செய்யும். நோக்கியா ஞாபகம் இருக்கா, நம்ம எல்லார் வீட்டுலயும் ஒன்னு இருந்துச்சே, 2011 பிப்ரவரி 11ல மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் ஃபோன் ஈகோசிஸ்டம்ல சேர்றோம்னு அறிவிச்சாங்க, அன்னிக்கே ஷேர் 14 பெர்சன்ட் கிட்ட விழுந்துச்சு. கயிறு இனிமே அடுத்தவன் கையிலன்னு மார்க்கெட்டுக்கு புரிஞ்சு போச்சு. 2013ல ஃபோன் பிசினஸையே மைக்ரோசாஃப்டுக்கு விக்கிறோம்னு அறிவிச்சுட்டாங்க.

அதுக்காக சேர்றதே வீண்னு சொல்லல. 1972ல பினாங்கு பாயான் லெப்பாஸ்ல சிப் செய்யுற இன்டெல் வந்தப்புறம் அதுக்கு சாமான் செஞ்சு குடுத்த சின்ன பட்டறைங்கள்ல சிலது பிற்பாடு புர்சாவுல லிஸ்ட் ஆச்சு, ஆனா அதுக்கு வருஷக்கணக்கா கையில ஆர்டர் இருந்துச்சு. அப்பாகிட்ட கேளுங்க, 1960ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சதும் தோட்டத்து ஆளுங்க சம்பளத்துல மிச்சம் புடிச்சு சேர்ந்தாங்க, அந்த காசு தோட்டமா மாறுச்சு, மரமும் பாலும் கண்ணு முன்னாடி நின்னுச்சு. இந்த எம்ஓயூவுல என்ன மாறுச்சு? ஆர்டர் எவ்வளவு, எந்த தேதிக்குள்ள, யார் காசு போடுறா, ஒன்னுமே இல்ல. எம்ஓயூ பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாது, நாளைக்கே விட்டுட்டு போலாம்.

ஃபேக்டரில வாங்குறவங்கள எத்தன காசுக்கு வாங்குனீங்கன்னு கேட்டுப் பாருங்களேன்.

அப்பா காச தொடாதீங்க. இபிஎஃப் 2024க்கு 6.30 பெர்சன்ட் குடுத்துச்சு, 18,000க்கு 1,134 வெள்ளி, அவரு தூங்கிட்டே சம்பாதிச்சது. ஆசை அடங்கலன்னா உங்க சொந்த காசு, போனா போகட்டும்னு இருக்கிற காசு, அதுவும் இப்ப வேணாம். குவாட்டர் முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ள ரிப்போர்ட் வந்தாகணும், அதுல விற்பனை ஏறிருக்கா, புது கஸ்டமர் பேரு எங்கயாச்சும் இருக்கான்னு தேடுங்க, கெடச்சா எனக்கும் அனுப்புங்க.