பேஸ்பாலில் ஸ்டீராய்டு எடுத்த ஜாம்பவான்களை ஏன் இன்னும் ஹால் ஆஃப் ஃபேமில் (ஜாம்பவான்களுக்கான கௌரவ மன்றம்) சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்? அந்தக் காலத்தில் எல்லோரும்தானே எடுத்தார்கள்?

எல்லோரும் எடுக்கவில்லை. என் பதிலில் பாதி அதுதான். மீதிப் பாதியைச் சொல்ல 1998க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் மே மாதம் ஒய்2கே (2000 வருடக் கணினிச் சிக்கல்) வேலைக்காக செயின்ட் லூயிஸ் வந்து இறங்கினேன். ஒரே அபார்ட்மென்ட்டில் நாங்கள் நான்கு பேர். கிரிக்கெட் பார்க்க வழியில்லை, டிவியைப் போட்டால் பேஸ்பால். ஒரு மாதத்தில் ஆட்டம் பிடிபட்டது, இரண்டாவது மாதத்தில் பைத்தியமே பிடித்துவிட்டது. ஊர் அணியான கார்டினல்ஸில் மார்க் மெக்வயர் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு சீசனில் அதிக ஹோம் ரன் என்ற சாதனை அப்போது ராஜர் மாரிஸ் பேரில் இருந்தது, 1961ல் அடித்த 61. (ஹோம் ரன்னை நம் சிக்சர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஆனால் 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் 40 அடித்தாலே பெரிய ஆள்.) 37 வருடமாக யாரும் தொடாத அந்த எண்ணை மெக்வயரும் சிகாகோ கப்ஸின் சாமி சோசாவும் போட்டி போட்டுத் துரத்தினார்கள்.

செப்டம்பர் 8 இரவு மெக்வயர் 62வதை அடித்தார். உயரமாகக்கூட போகவில்லை, இடது பக்கச் சுவரை ஒட்டித் தாண்டி விழுந்தது, வெறும் 341 அடி. ஓடுகிற அவசரத்தில் முதல் பேஸை (ஓடும்போது மிதித்தாக வேண்டிய முதல் மூலை) மிதிக்காமல் தாண்டிவிட்டு, திரும்பி வந்து மிதித்துவிட்டு ஓடினார். மகனைத் தூக்கிக் கொஞ்சினார். எதிரணியில் இருந்த சோசா ஓடி வந்து கட்டிக்கொண்டார். பிறகு மெக்வயர் பார்வையாளர் பக்கம் போய், அங்கே உட்கார்ந்திருந்த மாரிஸின் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். மாரிஸ் 1985லேயே இறந்துவிட்டார். எங்கள் அறையில் நான்கு பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, ஆனால் இது என் ஊர் என்று முதல் முறையாகத் தோன்றியது அந்த இரவில்தான்.

சீசன் முடியும்போது மெக்வயர் 70, சோசா 66. அடுத்த வருடம் செயின்ட் லூயிஸ் வழியாகப் போகும் 70ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு மெக்வயர் பெயரை வைத்தார்கள். சாலை எண்ணும் ஹோம் ரன் எண்ணும் ஒன்றாக அமைந்ததில் ஊருக்கே பெருமை. நான் வேலைக்குப் போகும் வழி அது.

இதில் நான் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த ஆகஸ்டிலேயே அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன், மெக்வயரின் லாக்கரில் ஒரு மாத்திரை பாட்டிலைப் பார்த்து எழுதிவிட்டார். ஆண்ட்ரோஸ்டீன்டயோன், சுருக்கமாக ஆண்ட்ரோ. உடம்புக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடியது. ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் தடை, பேஸ்பாலில் தடையில்லை, கடையில் யாரும் வாங்கலாம். செய்தி வந்ததும் மெக்வயர் மேல் யாரும் கோபப்படவில்லை, நிருபர் மேல்தான் பாய்ந்தார்கள். அடுத்தவன் லாக்கரில் இவனுக்கு என்ன வேலை என்று நானும் கேட்டேன். அன்று அப்படிக் கேட்டது இப்போதும் உறுத்துகிறது.

ஏன் யாரும் கேட்கத் தயாராக இல்லை என்றால், 1994ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து சீசனே பாதியில் நின்றது, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடர் ரத்தானது. 1904க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. மனம் வெறுத்து விலகிய ரசிகர்களை மைதானத்துக்குத் திரும்ப அழைத்து வந்ததில் அந்த ஹோம் ரன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்டீராய்டு கூடாது என்று 1991லேயே பேஸ்பாலின் தலைமைப் பொறுப்பில் இருந்த அப்போதைய கமிஷனர் ஃபே வின்சென்ட் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஆனால் சோதனை கிடையாது. வீரர்கள் சங்கம் சோதனையை எதிர்த்தது, முதலாளிகளும் அதற்காக உயிரை விடவில்லை. 2003ல்தான் பெயர் சொல்லாத முதல் சோதனை.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1996ல் தேசிய லீகின் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று, மற்றது அமெரிக்க லீக்) மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய கென் கமினிட்டி, அந்த வருடம் ஸ்டீராய்டு எடுத்ததாக 2002ல் ஒத்துக்கொண்டார். 2003ல் கலிஃபோர்னியாவில் பால்கோ என்ற நிறுவனம் சோதனையிடப்பட்டது. எந்தப் பரிசோதனையிலும் சிக்காதபடி தயாரித்த ஸ்டீராய்டு அங்கேயிருந்து பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்குப் போயிருந்தது, 2001ல் 73 அடித்து மெக்வயரை முந்திய பாரி பாண்ட்ஸின் பெயரும் அதில் வந்தது. 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் ரஃபேல் பல்மேரோ விரலை நீட்டி, நான் ஒருபோதும் எடுத்ததில்லை என்றார். ஆகஸ்டில் மாட்டிக்கொண்டார். அதே விசாரணையில் மெக்வயர், பழையதைப் பேச நான் வரவில்லை என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தேன். மறுநாள் அதே சாலையில் வேலைக்குப் போனேன், பலகையில் அவர் பெயர் இருந்தது.

2010 ஜனவரியில் மெக்வயர் ஒத்துக்கொண்டார், 1998லும் எடுத்ததாக. மாரிஸின் மனைவிக்குப் போன் செய்து மன்னிப்பும் கேட்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே மூச்சில், காயம் ஆறத்தான் எடுத்தேன், எடுக்காவிட்டாலும் அத்தனையும் அடித்திருப்பேன் என்றார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊசி போட்டால் பந்தை அடிக்கத் தெரிந்துவிடாது என்பது உண்மைதான். 60 அடி தூரத்திலிருந்து வரும் பந்து அரை வினாடிக்கும் குறைவாகக் கைக்கு வந்துவிடுகிறது, அதைக் கண்ணால் பிடிப்பது பிறவித் திறமை. ஆனால் ஹோம் ரன் என்பது விளிம்பில் நடக்கிற விஷயம். சுவருக்குப் பக்கத்தில் பிடிபடும் பந்து இன்னும் பத்தடி போனால் ஹோம் ரன். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராஜர் டோபின் கணக்குப் போட்டுக் காட்டினார்: தசை 10 சதவீதம் கூடினால் மட்டையின் வேகம் 5 சதவீதம் கூடும், அடிபட்டுப் போகும் பந்தின் வேகம் 4 சதவீதம் கூடும், ஆனால் ஹோம் ரன் எண்ணிக்கை 50 சதவீதம் வரைகூடக் கூடும். தவிர, ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிற உடம்பு ஆகஸ்டில் களைத்துப் போக வேண்டும். மருந்து எடுத்த உடம்பு களைப்பிலிருந்து சீக்கிரம் மீண்டுவிடும். அதுவே பாதி ஆதாயம்.

சரி, உங்கள் கேள்வியின் இரண்டாவது பகுதி. 2003ல் நடந்த அந்தச் சோதனையில் மாட்டியது 5 முதல் 7 சதவீதம். சோதனை வரப்போகிறது என்று தெரிந்தும் மாட்டியவர்கள் இவர்கள், அதனால் உண்மையான எண் அதிகமாகவே இருக்கும். கமினிட்டி பாதிப் பேர் என்றார். அப்படியே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி?

டான் நால்டி என்ற பிட்சரை, அதாவது பந்து வீசுபவரைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாது. 1990களில் மின்னசோட்டா ட்வின்ஸில் ஆடினார், 1999ல் நியூயார்க் யாங்கீஸில் இருந்து உலகத் தொடர் மோதிரமும் வாங்கினார். மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் இருந்தபோது ஒல்லியான உடம்பு, மணிக்கு 90 மைல் வேகத்தைத் தொடாத பந்து. அந்தப் பந்தோடு மேலே போக முடியாது என்று அவருக்கே தெரியும். ஸ்டீராய்டு எடுத்தார், உடம்பு ஏறியது, பந்து 95ஐத் தாண்டியது, மேலே போய்விட்டார். 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் 409 பக்க அறிக்கையில் 89 வீரர்களின் பெயர்களை வெளியிட்டாரே, அந்த விசாரணையில் பெரும்பாலான வீரர்கள் வாய் திறக்க மறுத்தபோது தானாகப் பேசிய மிகச் சிலரில் இவர் ஒருவர்.

1994ல் ஃபுளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ் மைனர் லீக் அணியில் அவரோடு பந்து வீசிய மூன்று பேரைப் பற்றி 2012ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. அவர்களும் அவர் வயதுதான், திறமையும் ஏறக்குறைய ஒன்றுதான். மூவரும் மருந்தைத் தொடவில்லை, மூவரும் மேலே வரவில்லை. அவர்கள் இடத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன் என்று நால்டி வெளிப்படையாக வருந்தினார். அதைப் படித்த பிறகு இந்த விஷயத்தை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. அதுவரை நான் யோசித்ததெல்லாம் மெக்வயர், பாண்ட்ஸ், சாதனைப் புத்தகம், இவ்வளவுதான்.

அணிக்கு 25 பேர், 30 அணி. மொத்தம் 750 இடம். 2003ல் அந்த 750ல் ஒருவராக இருந்தால் வருடத்துக்குக் குறைந்தது 3 லட்சம் டாலர். ஒரு படி கீழே மைனர் லீக்கில் மாதம் 2,000 டாலர் அளவுக்குச் சம்பளம் வாங்கியவர்கள் இருந்தார்கள், அதுவும் சீசன் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். பாண்ட்ஸ் மருந்து எடுத்திருக்காவிட்டாலும் அந்த 750ல் இருந்திருப்பார். ஆனால் 740வது ஆளுக்கும் 760வது ஆளுக்கும் நடுவே இருந்தது பல நேரம் ஒரு ஊசி. அந்த 760வது ஆளுக்கு யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை, நால்டியைத் தவிர.

மேலே வந்தவர்களிலும் அடிபட்டவர்கள் உண்டு. ஃப்ரெட் மெக்கிரிஃப் 1989ல் 36 அடித்து அமெரிக்க லீகில் முதலிடம், 1992ல் 35 அடித்து தேசிய லீகில் முதலிடம். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அதே 35 ஒரு சாதாரண எண். அவர் மாறவில்லை, சுற்றியிருந்தவர்களின் கைகள் பருத்துவிட்டன. 493 ஹோம் ரன் அடித்த மனிதருக்கு ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் பத்து வருடமும் தேவையான 75 சதவீதம் கிடைக்கவில்லை, 40ஐக்கூடத் தொடவில்லை. 2022 டிசம்பரில் தனிக் குழு ஒன்று 16க்கு 16 வாக்கில் அவரைச் சேர்த்தது. அதே நாளில் அதே குழு பாண்ட்ஸுக்கும், அவரைப் போலவே மருந்துப் புகாரில் சிக்கிய பிட்சர் ராஜர் கிளெமென்ஸுக்கும் நான்கு வாக்குகூடத் தரவில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அடுத்தவர் இடத்தைப் பறிக்கும் ஏமாற்று மருந்து மட்டும் இல்லை. 2017ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ன செய்தது? அடுத்த பந்து எது என்று கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) பிட்சருக்கு விரலால் காட்டும் சைகையை மைதானத்துக் கேமராவில் பிடித்து, வீரர்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் டிவியில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்னார்கள். சத்தம் வந்தால் வளையும் பந்து, வராவிட்டால் வேகப் பந்து. அதே அணியின் ரசிகர் ஒருவர் உட்கார்ந்து வீடியோக்களைக் கேட்டு எண்ணினார், 8,200க்கு மேற்பட்ட பந்துகளில் 1,143 தட்டல். 2017 ஆகஸ்ட் 4 அன்று அங்கே டொரான்டோவுக்காகப் பந்து வீச வந்தவர் மைக் போல்சிங்கர். 29 பந்து, ஒரே ஒரு அவுட், நான்கு ரன். மறுபடி மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள், அதற்குப் பிறகு மேஜர் லீக்கில் அவர் பந்து வீசவே இல்லை. ஆஸ்ட்ரோஸ் அந்த வருடக் கோப்பையை இன்றும் வைத்திருக்கிறது. மேனேஜருக்கும் ஜெனரல் மேனேஜருக்கும் ஒரு வருடத் தடை, அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம், வீரர்கள் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

ஒதுக்கி வைப்பதில் நியாயம் முழுசாக இருக்கிறதா என்றால், இல்லை. ஸ்டீராய்டு காலத்தில் பேஸ்பாலின் தலைமையில் இருந்த பட் சீலிக் 2017லேயே ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்துவிட்டார். 762 ஹோம் ரன் அடித்த பாண்ட்ஸ் தன் கடைசி வருடமான 2022ல் 66 சதவீதத்தோடு வெளியே நின்றார். விற்றவருக்கு மாலை, விலைபோனவருக்குக் கதவடைப்பு என்பது எனக்கும் கசக்கிறது. சீலிக்கை உள்ளே விட்டது தவறு என்றே நினைக்கிறேன். அதற்காகப் பாண்ட்ஸை உள்ளே விட வேண்டும் என்று நினைக்கவில்லை.

என் மகன் இங்கே பள்ளி அணியில் பிட்சராக இருந்தான். பதினாறு வயதில் ஒருநாள் சாப்பிடும்போது, ஜிம்மில் ஒரு அண்ணன் ஏதோ ஊசி பற்றிச் சொன்னார், ஒரு கோடையில் 5 மைல் ஏறுமாம் என்றான். நான் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த 2005 விசாரணையில் டெக்சஸிலிருந்து டான் ஹூட்டன் என்ற தந்தை வந்து பேசினார், பள்ளியில் பந்து வீசிய அவர் மகன் ஸ்டீராய்டு எடுத்து, விட்டபின் மனச்சோர்வில் உயிரை மாய்த்துக்கொண்டவன். அதை அவனுக்குச் சொன்னேன். நால்டி கதையையும் சொன்னேன். அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள் என்றுதான் அவன் கேட்டான்.

மெக்வயர் பெயர்ப் பலகையை 2010ல் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தச் சாலைக்கு மார்க் ட்வெய்ன் பெயர். 2022 செப்டம்பரில் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 61வது அடித்தபோது நானும் மகனும் சேர்ந்து பார்த்தோம். 1998ல் மெக்வயர் கட்டிப்பிடித்த ராஜர் மாரிஸ் ஜூனியர் அன்றும் மைதானத்தில் இருந்தார், தலை நரைத்து. இவர் அடிப்பதுதான் உண்மையான சாதனை என்று பிறகு பேசினார். ஒரு வாரத்தில் ஜட்ஜ் 62 அடித்தார். "அப்பா, அப்போ ரெக்கார்டு 62ஆ 73ஆ?" என்றான் மகன். புத்தகத்தில் 73 என்றேன்.