18ஆம் நூற்றாண்டு ஆப்பெரா (மேற்கத்திய இசை நாடகம்) உடைக்காகக் கார்செட் (உடலை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை) போட்டால் பாடகிக்கு உயர் ஸ்வரத்தில் மூச்சு முட்டுகிறது என்றால்

இடுப்பைத் தளர்த்த வேண்டாம், கீழ் விலா எலும்புப் பகுதியைத் தளர்த்துங்கள். 18ஆம் நூற்றாண்டு உருவம் முக்கியமாக இடுப்பில்தான் தெரியும். பாடகியின் மூச்சு விரிவது அதற்கு மேலே, பக்கவாட்டிலும் முதுகிலும்.

சும்மா நின்றபடி அளவெடுத்திருப்பார்கள். அதுதான் காரணமாக இருக்கும். கீழ் விலாவைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டு, ஆப்பெராவிலேயே நீளமான வரியைப் பாடச் சொல்லுங்கள். முழு மூச்சில் வரும் அளவுக்கும் மூச்சை விட்டபின் வரும் அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் விட வேண்டிய இடம். உட்கார்ந்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

முதுகில் கொக்கி இருந்தால் எடுத்துவிட்டு நாடா கட்டுங்கள். 5 செ.மீ. இடைவெளி விட்டு, அடியில் அதே நிறத் துணிப்பட்டை வையுங்கள். இடுப்புக்கு ஒரு நாடா, விலாவுக்குத் தனி நாடா என்று பிரித்தால் இன்னும் நல்லது. போதாவிட்டால் அக்குளுக்குக் கீழே இருபுறமும் எலாஸ்டிக் துண்டு. மேல் அங்கியிலும் அதே அளவு விடாவிட்டால் இத்தனை வேலையும் வீண். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எலாஸ்டிக் வியர்வையில் தொய்ந்துபோகும், மாற்றுத் துண்டு தயாராக இருக்கட்டும். சில பாடகிகளுக்கு விலாவில் லேசான பிடிப்பு வேண்டும், ஆகவே வெட்டுவதற்கு முன் அவரையே கேட்டுவிடுங்கள்.