நான் சாப்பிட்டது வெறும் பொரிதானே?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 46 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. நாங்கள் நான்காவது தலைமுறைக் கிறிஸ்தவர்கள். கொள்ளுத்தாத்தா உபதேசியாராக இருந்தவர். 20 வருடமாக ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நேற்று வந்தவள் இல்லை நான் என்று சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸில் பொரி, கடலை, சுண்டல் கொடுத்தார்கள். வருடா வருடம் கொடுப்பதுதான். சாப்பிட்டேன். எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். என் கையில் பொரி இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, "படைத்ததைத் தின்னலாமா?" என்று கேட்டார்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று வேதத்தில் அப்போஸ்தலன் பவுலே சொல்லியிருக்கிறாரே என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குக் காய் நறுக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை. 20 வருடம் உழைத்தவளுக்கு இதுதானா?

என்னைக் கேட்டவர்கள் ராகு காலம் பார்க்காமல் பெண் பார்க்கப் போகிறவர்களா? வரதட்சணை வாங்காதவர்களா? அதெல்லாம் பாவமில்லையாம், பொரி பாவமாம். காய் நறுக்கக்கூட ஆகாதவளாகிவிட்டேன். போன வருடம் ஞானஸ்நானம் எடுத்த ஒரு பெண், ஆராதனையில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவளும் அன்றைக்குச் சபை வாசலில், "அக்கா, அப்போ நானும் சாப்பிட்டிருக்கலாமா?" என்று கேட்டாள். "உனக்கு இதெல்லாம் புரிய இன்னும் நாளாகும்" என்று சிரித்துவிட்டு வந்தேன். மூன்று வாரமாக அவளைக் காணோம். அது வேறு விஷயம், வேலையாக இருக்கும்.

என் கேள்வி இதுதான். நான் சாப்பிட்டது தப்பா? தப்பில்லை என்றால் நான் எதற்குத் தலைகுனிய வேண்டும்? சுயாதீனம் என்பதெல்லாம் பிரசங்கத்துக்கு மட்டும்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

•

அன்புச் சகோதரி,

பொரியை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் சாப்பிட்டது தப்பென்று நான் நினைக்கவில்லை. கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிப் புசிக்கலாம் என்று எழுதியவரும் பவுல்தான். சங்கத்தார் நடந்துகொண்டது சரியில்லை. புசிக்கிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்காதே என்று ரோமர் 14 அவர்களுக்கும்தான் சொல்கிறது. எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டால் யாருக்கும் வலிக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தை ஒவ்வொரு முறை படித்தபோதும் "அது வேறு விஷயம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அது வேறு விஷயம் இல்லை, அம்மா. அதுதான் விஷயம். அந்தப் பெண் கேட்டதைச் சொல் மாறாமல் நினைவில் வைத்திருக்கிறீர்கள். எத்தனை வாரமாக வரவில்லை என்று எண்ணியும் வைத்திருக்கிறீர்கள். வேலையாக இருக்கும் என்பதை நீங்களே நம்பவில்லை.

உங்கள் பொரியும் அவள் பொரியும் ஒன்றல்ல. பூஜையை விட்டதற்கான விலையை உங்கள் வீட்டில் முன்னோர் யாரோ கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு அது வெறும் அரிசிப்பொரி. அவள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது. ஆனால் அவளைப் போல் புதிதாக வந்தவர்கள் என்னிடம் பேசும்போது கோட்பாடு பேசுவதில்லை. அம்மா நீட்டிய தட்டை வேண்டாம் என்று சொன்னதையும், அம்மா அந்தத் தட்டோடு அடுப்படிக்குத் திரும்பிப் போனதையும்தான் சொல்லி அழுகிறார்கள். அவள் வீட்டிலும் அன்றைக்கு அப்படி ஒரு தட்டு நீட்டப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். "அப்போ நானும் சாப்பிட்டிருக்கலாமா?" என்பது வேதபாடக் கேள்வி இல்லை. அம்மாவை அழவைத்தது வீண்தானா என்று கேட்டிருக்கிறாள். பதிலாக அவளுக்குக் கிடைத்தது ஒரு சிரிப்பு.

நீங்கள் சொன்ன வசனம் 1 கொரிந்தியர் 8-ல் இருக்கிறது. அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே படியுங்கள். கிரேக்க நகரமான கொரிந்துவில் விக்கிரகக் கோயிலை ஒட்டியே விருந்துக்கூடங்கள் இருந்தன. அகழாய்வில் அவை கிடைத்திருக்கின்றன. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தெரிந்த விசுவாசிகள் தைரியமாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது தப்பென்று பவுல் சொல்லவில்லை. நேற்றுவரை அங்கே கும்பிட்டவன் அதைப் பார்த்தால் அவன் மனச்சாட்சி என்ன ஆகும் என்றுதான் கேட்கிறார். "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று ஆரம்பித்தவர், சகோதரனுக்கு இடறலாகுமானால் என்றைக்கும் மாம்சமே புசியாதிருப்பேன் என்று முடிக்கிறார். அவருக்கும் உரிமை இருந்தது. அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே நடக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

ராகு காலமும் வரதட்சணையும் சபையில் கேட்கப்பட வேண்டியவைதான். வரதட்சணை பொரியைவிடப் பெரிய பாவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கணக்கைக் கூட்டுவதால் நீங்கள் வாசலில் சொன்ன வார்த்தை குறைந்துவிடாது.

20 வருடம் சின்னப் பிள்ளைகளின் கேள்விகளுக்குக் குனிந்து பதில் சொன்னவர் நீங்கள். அன்றைக்கு மட்டும் ஏன் முடியவில்லை? சங்கத்தில் பட்ட அவமானம் அப்போதும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அவள் கேள்வியும் அவர்கள் கேள்வியைப் போலவே உங்கள் காதில் விழுந்திருக்கும். அவள் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. சபையில் தனக்குத் தெரிந்த ஒரே அக்காவிடம் வந்து நின்றாள்.

அடுத்த வருடம் ஆபீஸில் சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அடுத்த வருடம் பார்க்கலாம். கூட வேலை செய்கிறவர்களும் உங்கள் அயலார்தான். சங்கத்தாரோடு பேசுவதும் இருக்கட்டும். இந்த வாரம் அவளைப் போய்ப் பாருங்கள். வீட்டுக்குப் போனால் அவளுக்குச் சங்கடம் என்றால் வெளியே எங்காவது. விளக்கம் எதுவும் கொடுக்க வேண்டாம். "அன்றைக்கு நான் சிரித்தது தப்பு" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், அவள் அம்மா ஆயுத பூஜைக்கு என்னென்ன செய்வார் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்க வேண்டாம்.