லென்ஸின் உடல் உலோகமா, பிளாஸ்டிக்கா: செம்பூர் வாசகருக்கு ஒரு பதில்

செம்பூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வார நாட்களில் அலுவலக வேலை பார்க்கும் அவர், முகூர்த்த நாட்களில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கம் நடக்கும் தமிழ்க் கல்யாணங்களில் இரண்டாவது புகைப்படக்காரராகப் போகிறார். சென்ற மாதம் தாதர் ரயில் நிலையப் படிக்கட்டில் கூட்டம் தள்ளியதில் கேமரா பையோடு விழுந்திருக்கிறது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் மாட்டியிருந்த, கேமராவோடு சேர்த்து விற்கப்படும் கிட் லென்ஸின் பிளாஸ்டிக் மவுண்ட் (கேமராவில் பொருந்தும் பின்பக்க வளையம்) மட்டும் உடைந்துவிட்டது. இப்போது ஃபோர்ட் பகுதியின் போரா பஜாரில் இரண்டு 50 மி.மீ. லென்ஸ்களைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று, இன்றைய கேமராவில் பொருத்த உதவும் அடாப்டர் வளையத்தோடு விற்கப்படும், முழுக்க உலோகத்தில் செய்த பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ். மற்றது, பிளாஸ்டிக் உடலும் உலோக மவுண்டும் கொண்ட, எஃப் 1.8 அளவுக்கு அகலமாகத் திறக்கும் புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ். விலை ஏறத்தாழ ஒன்றே. "மறுபடியும் பிளாஸ்டிக்கில் பணத்தைப் போட மனம் வரவில்லை, உலோகத்தையே வாங்கிவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

உங்கள் வேலைக்குப் புதிய லென்ஸையே வாங்குங்கள். லென்ஸ் பழுதுபார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால் அடுத்த முறை விழும்போது மறுபடியும் பிளாஸ்டிக்கைத் திட்டுவீர்கள் என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் உடைந்த லென்ஸைப் பார்ப்போம். லென்ஸின் பின்புறத்தில் கேமராவுக்குள் நுழைந்து திரும்பி மாட்டிக்கொள்ளும் வளையத்தில் பெரும்பாலும் மூன்று காதுகள் இருக்கும். பிளாஸ்டிக் மவுண்டாக இருந்தால், விழுந்த வேகத்தில் இந்தக் காதுகளில் ஒன்றோ இரண்டோ வேரோடு பெயர்ந்துவிடும். மற்ற பாகமெல்லாம் அப்படியே இருக்கும். அந்த வளையம் சில திருகுகளால் பிடிக்கப்பட்ட தனிப் பாகம்தான், மாற்றிவிடலாம். அதே இடத்தில் உலோக மவுண்ட் இருந்திருந்தால் காது உடைந்திருக்காது. ஆனால் அந்த அதிர்ச்சி எங்கேயாவது போயாக வேண்டும். லென்ஸின் உள்குழலை அது சாய்த்திருக்கலாம், அல்லது கேமராவின் பக்கம் உள்ள வளையத்தை நெளித்திருக்கலாம். பிளாஸ்டிக் மவுண்ட்தான் உங்கள் கேமராவைக் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உலோகமாக இருந்தால் செலவே வந்திருக்காது என்ற கணக்கும் சரியில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

உலோகம் அடி வாங்கும் விதமே வேறு. முழு அலுமினிய லென்ஸ் ஒன்று முன்பக்கம் தரையில் பட விழுந்தால், ஃபில்டர் மாட்டும் மெல்லிய விளிம்பு உள்ளே அமுங்கிக்கொள்ளும். அதை நிமிர்த்துவதற்கென்றே ஒரு திருகுக் கருவி எங்களிடம் உண்டு. வளையத்துக்குள் வைத்து மெதுவாகத் திருகினால் விளிம்பு வெளியே வந்துவிடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு வாங்கிப் போவார், இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருவார்: படத்தின் இடது பக்கம் தெளிவாகவும் வலது பக்கம் கலங்கலாகவும் விழுகிறது என்பார். குழல் வெளியே கீறல்கூட இல்லாமல் நின்றிருக்கும், உள்ளே ஒரு கண்ணாடி அச்சிலிருந்து நகர்ந்திருக்கும். நல்ல பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். எல்லை மீறினால் விரிசல் விட்டு உடையும். உலோகம் நெளிந்து, நெளிந்தபடியே நிற்கும்.

நல்ல பிளாஸ்டிக் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. லென்ஸ் செய்யும் பிளாஸ்டிக் குளியலறை பக்கெட் செய்யும் சரக்கு இல்லை. பெரும்பாலும் பாலிகார்பனேட், அதிலும் கண்ணாடி இழை கலந்து இறுக்கியது. பாலிகார்பனேட்டின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.2 கிராம், அலுமினியம் 2.7, மக்னீசியம் 1.8 அளவில், பித்தளை 8.5 அளவில் வரும். பழைய லென்ஸைக் கையில் எடுத்ததும் "ஆகா, கெட்டியான சாமான்" என்று தோன்றுவதற்கு இந்த எண்களே பெரும் காரணம். பாத்திரக் கடையில் பித்தளை அண்டாவைத் தூக்கிப் பார்த்து வாங்கிய பழக்கம் நம் கையில் இன்னும் இருக்கிறது.

நீங்கள் எந்த நிறுவனத்தின் லென்ஸ் என்று எழுதவில்லை. எனவே எல்லோரும் அறிந்த சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். கேனான் நிறுவனத்தின் ஈ.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 1987-இல் உலோக மவுண்டோடு 190 கிராம் எடையில் வந்தது. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மவுண்ட் பிளாஸ்டிக்காகி, எடை 130 கிராமாகக் குறைந்தது. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பில் மவுண்ட் மறுபடியும் உலோகம், எடை 160 கிராம். மூன்றிலும் 5 தொகுதிகளில் 6 கண்ணாடிகள் கொண்ட அதே ஒளியியல் அமைப்பு. அதாவது படத்தை உருவாக்கும் பகுதி ஏறத்தாழ மாறவே இல்லை. அதைச் சுமக்கும் சட்டையும், சட்டையை எங்கே பலப்படுத்துவது என்ற முடிவும் மட்டுமே மாறி வந்தன. ஃபியூஜிஃபில்ம் இன்னும் வெளிப்படையாகச் செய்தது: 2015-இல் வந்த எக்ஸ்.எஃப். 35 மி.மீ. எஃப் 2 லென்ஸின் அதே 9 கண்ணாடி அமைப்பை 2020-இல் எக்ஸ்.சி. என்ற மலிவு வரிசையில் பிளாஸ்டிக் உடலில் விற்றது. எடை 170 கிராமிலிருந்து 130 ஆனது. வாங்குபவர் இழந்தவை அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) மாற்றும் வளையமும் மழை, தூசியிலிருந்து காக்கும் அடைப்பும். படத்தின் கூர்மையை இழக்கவில்லை. விலை உயர்ந்த லென்ஸ்களும் இதற்கு விலக்கில்லை. கேனான் தன் உயர்தர வரிசைக்கு அடையாளமாகச் சிவப்பு வளையம் போட்ட 100 மி.மீ. மேக்ரோ (மிக அருகில் எடுக்கும் லென்ஸ்), 2009-இல் வந்தது, பிளாஸ்டிக் உடல்தான். அதைத் தொழில்முறைக்காரர்கள் யாரும் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அப்படியானால் உலோகம் எங்கே தேவை? முதல் இடம் மவுண்ட், அதிலும் லென்ஸை அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கு. கேமராவின் உலோக வளையத்தோடு பிளாஸ்டிக் காது ஒவ்வொரு முறையும் உராயும்போது மெல்லத் தேயும். மவுண்ட் முகத்திலிருந்து படத்தைப் பதிவு செய்யும் சென்சார் வரையுள்ள தூரம் துல்லியமாக இருந்தாக வேண்டும், கேனானின் ஈ.எஃப். அமைப்பில் அது 44 மி.மீ., நிக்கானின் பழைய எஃப் அமைப்பில் 46.5 மி.மீ. லென்ஸ் சிறிது ஆடினாலும் இந்தத் தூரம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும், படத்தின் ஓரங்கள் ஒத்துப்போகாது. ஆனாலும் எடை குறைவான லென்ஸுக்குப் பிளாஸ்டிக் மவுண்ட் போதும் என்று நிறுவனங்களே கருதுகின்றன: நிக்கான் 2021-இல் வெளியிட்ட இசட் வரிசை 40 மி.மீ. எஃப் 2, 170 கிராம்தான், மவுண்ட் பிளாஸ்டிக். கல்யாண மண்டபத்தில் ஒரு நாளில் இருபது முறை லென்ஸ் மாற்றும் உங்களுக்கு நான் உலோக மவுண்டையே சொல்வேன். நீங்கள் பார்த்து வைத்த புதிய லென்ஸில் அது இருக்கிறது. இரண்டாவது இடம், தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும், ஒரு கிலோவைத் தாண்டும் டெலிஃபோட்டோ லென்ஸ்கள். அவற்றின் எடையை முக்காலியில் பொருத்தும் ட்ரைபாட் வளையம் தாங்க வேண்டியிருப்பதால் அந்த எடை இறங்கும் பாகங்களில் உலோகமே நல்லது.

இங்கே அடாப்டர் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய லென்ஸ் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நடுவில் ஒரு மலிவு வளையத்தைப் போட்டால் அந்த உறுதியெல்லாம் வளையத்தின் துல்லியத்தோடு நின்றுவிடும். அது ஒரு தலைமுடி அளவு தடித்திருந்தாலே தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

சூட்டைப் பற்றியும் கடைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். பிளாஸ்டிக் அதிகம் விரியும் என்பது உண்மையே. 50 மி.மீ. நீளமுள்ள அலுமினியக் குழல் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.023 மி.மீ. நீளும், எதுவும் கலக்காத பாலிகார்பனேட் ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும். கண்ணாடி இழை கலந்ததில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப் 1.8-இல் சென்சாருக்கு முன்னும் பின்னும் 0.05 மி.மீ. அளவுக்குப் பிழை கண்ணுக்குத் தெரியாமல் தாங்கும் என்பது வழக்கமான கணக்கு. தவிர, ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கண்டுபிடித்து நிறுத்துவதால் இந்த விரிவு உங்கள் படத்தை எட்டாது. வெயிலில் நிற்கும் பெரிய டெலிஃபோட்டோக்களுக்கு இது உண்மையான தொல்லை. அவற்றின் ஃபோகஸ் வளையம் மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறியைத் தாண்டியும் திரும்பும்படி செய்யப்படுவதும், சிலவற்றுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் இதனால்தான்.

என் மேசைக்கு வரும் லென்ஸ்களில் வெளிக்குழல் உடைந்து வருபவை சிறு பகுதியே. உள்ளே அப்பர்ச்சருக்குப் போகும் மெல்லிய நாடா வயர் அறுந்து வரும், ஜூம் செய்யும்போது வழிகாட்டும் சின்ன உருளைகள் தேய்ந்து குழல் ஆடும், மோட்டார் முனகும். வெளியே உலோகம் மின்னும் பல லென்ஸ்களிலும் அந்த உருளைகள் பிளாஸ்டிக்தான். பழைய உலோக லென்ஸ்களின் நோய் வேறு: மரையில் போட்ட கிரீஸ் காய்ந்து இறுகும், அல்லது நம் ஊர் வெக்கையில் எண்ணெய் பிரிந்து அப்பர்ச்சர் இதழ்களில் படியும். ஒரு விஷயத்தில் மட்டும் பழுதுபார்ப்பவன் உலோகத்தின் பக்கம் நிற்பான். பிளாஸ்டிக்கில் நேரடியாக முடுக்கிய திருகை நாலைந்து முறை கழற்றினால் மரை போய்விடும். உலோகத்தில் அந்தப் பயம் இல்லை. அறுபதுகளின் லென்ஸை இன்று திறந்து சுத்தம் செய்ய முடிகிறது. இன்றைய மலிவு லென்ஸை அறுபது ஆண்டு கழித்து யாரும் திறக்கப்போவதில்லை.

மும்பையில் லென்ஸைக் கொல்வது ஈரம். ஜூலை மாதத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறது. கண்ணாடிக்கு நடுவே சிலந்தி வலை போலப் படரும் பூஞ்சைக்கு உலோகக் குழல், பிளாஸ்டிக் குழல் என்ற பேதம் கிடையாது. உலோகத்துக்கு இங்கே கூடுதலாக ஒரு வம்பு உண்டு: கடற்காற்றின் உப்பு, அலுமினியத்தில் எஃகுத் திருகு இறங்கும் இடங்களில் அரிப்பைத் தொடங்கி வைக்கும், பிறகு திருகு அசையாது. லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சின்ன ஈரப்பதமானியோடும் வைத்து, அளவை 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி டப்பாவுக்குள் வைக்காதீர்கள். அரிசியின் மாவுத் தூசி ஜூம் இடுக்கில் புகுந்ததை நான் பிரஷ் வைத்துத் துடைத்திருக்கிறேன். பாச்சை உருண்டையும் வேண்டாம். பிளாஸ்டிக் லென்ஸ் வாங்கப்போகும் உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டியைக் கையில் தடவிக்கொண்டு லென்ஸைத் தொடாதீர்கள், அது பாலிகார்பனேட்டைத் தின்னும். நெயில் பாலிஷ் நீக்கப் பயன்படும் அசிட்டோனும் அப்படியே.

இனி உங்கள் வேலை. கெட்டிமேளம் முழங்கி மூன்று முடிச்சு விழும் நேரம் சில வினாடிகள்தான். மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால் நாத்தனாரின் கை, முன்னால் அட்சதை மழை, பக்கத்தில் வீடியோக்காரரின் விளக்கு. அந்தச் சில வினாடியில் எஃப் 1.8-இல் கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருகிச் சரியான இடத்தில் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருவன் இல்லை. பழைய லென்ஸின் வளையம் வெண்ணெயில் கத்தி போல நகர்வது பெரும் சுகம். நின்று நிதானித்து எடுக்கும் உருவப்படங்களுக்கும் வீடியோவுக்கும் அது இன்றும் ஈடில்லாதது. ஆசை தீரவில்லையென்றால், கையில் உபரிப் பணம் வரும்போது அதையும் வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு முழுச் செய்தித்தாளையும் ஒட்டும் நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேராக நிறுத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து நான்கைந்து படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளின் எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். மூலைகள் நடுவைவிடச் சற்று மங்கலாக இருப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேளுங்கள். உடைந்த கிட் லென்ஸையும் கூடவே கொண்டுபோய் மவுண்ட் வளையத்தை மாற்றச் சொல்லி, வேலை முடிந்ததும் அதே செய்தித்தாளில் அதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.